விழாத இடி

என் மாப்ளே நாகராசுக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது எழுதுவதும் பாசத்தில் மட்டும் இல்லை, பயத்தில் எழுதுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நம்ம குழு மறுபடியும் அந்த ஊருக்குப் போகிறது. உன் தம்பி சுப்பிரமணி உன் பேஸ் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கே நிற்கப்போகிறான்.

எந்த ஊர் என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எம்.ரெட்டியபட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பருத்திக் காட்டு வழியாக மூன்று மைல் நடக்க வேண்டிய கரிசல் ஊர். பெயரை எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. புகார் என் மேல்தான்.

நீ பாளையம்பட்டியில் தறி நெய்தவன். நான் அருப்புக்கோட்டை பஜாரில் ரேடியோ ரிப்பேர் பார்ப்பவன். உன் வீட்டில் தெலுங்கு, என் வீட்டில் தமிழ். நீ பெருமாளைக் கும்பிட்டாய், நான் பள்ளிவாசலுக்குப் போனேன். ஆனாலும் உன்னைக் கட்டிக்கொண்டு வந்த லட்சுமி என்னை முதல் நாளே அண்ணே என்று கூப்பிட்டாள். அதோடு நான் உனக்கு மச்சான் ஆகிவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் நம்மிடம் முறை கேட்டதில்லை.

அறுபதுகளின் கடைசியில் தனபால் அண்ணன் மெல்லிசைக் குழு ஆரம்பித்தபோது, பேஸ் கிடார் என்றால் என்னவென்று இந்தப் பக்கம் யாருக்குத் தெரியும்? மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் கழுத்து லேசாக வளைந்த ஒன்றைத் தேடிப் பிடித்து, பஸ்ஸின் மேலே கட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். அதற்கு ஆம்ப்ளிஃபயர் நான் கட்டினேன். வால்வு வைத்த பெட்டி, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். ஒரே மாதத்தில் உன் கீழ்க்கம்பி ஸ்பீக்கரின் காகிதத்தைக் கிழித்துவிட்டது. நீ தறித் துணியில் ஒரு துண்டு கத்தரித்து, பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியைத் தடவி ஒட்டினாய். அது கடைசி வரை கிழியவில்லை.

கம்பி வாங்க மதராஸ் போகிற ஆளுக்காக மாதக்கணக்கில் காத்திருப்போம். பழைய கம்பி மங்கிப் போனால், கழற்றிச் சுருட்டி, சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைப்பாய். லட்சுமி தன் சோற்றுப் பானையை ஒளித்து வைத்துக்கொள்வாள். நீ கண்டுபிடித்துவிடுவாய். கொதித்த கம்பி இரண்டு கச்சேரிக்குப் புதுசு மாதிரிப் பேசும்.

நான் எப்போது சத்தத்தைக் கூர்மையாக்கினாலும் நீ குமிழைத் திருப்பி அடியில் கொண்டு போய் வைப்பாய். "காதுல கேக்கக் கூடாது மச்சான், வயித்துல கேக்கணும்" என்பாய். கல்யாண வீடுகளில் ஆட்கள் உன்னிடம் வந்து, எல்லாரும் வாசிக்கிறார்கள், நீங்க மட்டும் சும்மா கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறீர்களே என்று கேட்பார்கள். நீ சிரித்துக்கொண்டே ஆமாம் என்று சொல்லிவிடுவாய்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

திருச்சுழியில் ஒரு கல்யாண வரவேற்பு. பெரிய மனிதர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். உன் பெட்டியிலிருந்து உர்ரென்று ஒரு இரைச்சல். பாட்டு நின்றால் அது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. தனபால் அண்ணன் மேடையிலிருந்தே என்னைப் பார்த்து, இது பேஸ் கிடாரா, மாவு மில்லா என்று மைக்கில் கேட்டார். கூட்டம் சிரித்தது. எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

இரண்டு பெட்டிகளின் எர்த்து வயரும் ஒரே வட்டமாகச் சேர்ந்துகொண்டால் அந்த இரைச்சல் வரும். எனக்குத் தெரியும். சரியாக எடுக்க ஒரு நாள் வேலை. இரைச்சலை உடனே நிறுத்த ஒரு கத்தரி போதும். பெட்டியில் கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற மூன்றாவது வயரை, உன் பெட்டியின் பின்னால் உட்கார்ந்து நான் அறுத்தேன். நுனியில் டேப்பைச் சுற்றினேன். இரைச்சல் பட்டென்று நின்றது. தனபால் அண்ணன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த கச்சேரியில் நீ கம்பி கடிக்கிறது என்றாய். எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாய். அதற்கடுத்த வாரம் மல்லாங்கிணற்றில், எறும்பு இல்லை, தேள் என்றாய். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, காலுக்குக் கீழே ஒரு பலகையும் போட்டு வாசித்தாய். மைக் பக்கம் வாயைக் கொண்டுபோகாமல் கோரஸை விட்டுவிட்டாய். வயரைத் திரும்பக் கொடுத்துவிடு மச்சான் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாய். நான் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்றேன். வயரைக் கொடுத்தால் இரைச்சல் திரும்பும், கூட்டம் மறுபடியும் சிரிக்கும். அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

அந்த ஊருக்குப் போன அன்று காலையில் கடைக்கு வந்தாய். சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த டேப்ரெக்கார்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் குனிந்திருந்தேன்.

"சரி பண்ணிட்டியா மச்சான்?"

"பண்ணியாச்சு மாப்ளே."

தலையை நிமிர்த்தாமல் சொன்னேன். நீ பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை நாகராசு? அந்த வயரை ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்கலாமே.

அது ஒரு கல்யாணக் கச்சேரி, சாயங்காலம் நாலு மணிக்கு. ஊருக்கு வெளியே களத்தில் மேடை. கரண்ட்டுக்குக் கம்பத்தில் கொக்கி போட்டிருந்தார்கள். மூன்று வருஷமாக மழை இல்லாத பூமி. நடந்தால் வெடிப்புக்குள் கால் போனது. எர்த்துக்குக் கடப்பாரையால் ஒரு குழி போட்டு நான் ஊற்றிய ஒரு குடம் தண்ணீரை மண் சத்தம் போட்டுக் குடித்தது. அந்தக் குழியில் மற்றப் பெட்டிகளின் வயர்களை இறக்கினேன். உன் பெட்டியிலிருந்து இறக்க வயர் இல்லை.

மூன்றாவது பாட்டில் மேற்கே கறுத்தது. நாலாவது பாட்டில் முதல் சொட்டு விழுந்தது. ஜனங்கள் பந்தலுக்குள் ஒதுங்கவில்லை, வெட்டவெளிக்கு ஓடினார்கள். மாப்பிள்ளைப் பையன் மாலையோடு ஓடினான். பொம்பிளைகள் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் மெயின் சுவிட்சை அணைக்கப் போனேன். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மூணு வருசம் கழிச்சு வாரா. பாட்டை நிப்பாட்டி அவளை வெரட்டிறாதீக."

தனபால் அண்ணன் வாசிக்கச் சொல்லிக் கையைச் சுழற்றினார். அந்தப் பெரியவர் மேடையைப் பார்த்துத் திரும்பி, மழைக்கு முன்னால் செருப்போடு நிற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எல்லோரும் கழற்றினார்கள். நீ மட்டும் கழற்றாமல் என்னைப் பார்த்தாய்.

அந்தப் பார்வையில் ஒரு கேள்விதான் இருந்தது. வேண்டாம் என்று ஒரு தலையசைப்பில் நான் உன்னைக் காப்பாற்றியிருக்கலாம். இத்தனை வாரம் ஒன்றும் ஆகவில்லையே, இன்றைக்கும் ஆகாது என்று நினைத்தேனா, காலையில் சொன்ன பொய் என் கழுத்தைப் பிடித்ததா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. சரி என்று தலையை ஆட்டினேன். நீ செருப்பைக் கழற்றிவிட்டு, பழக்கத்தில் போட்டிருந்த பலகையிலிருந்து இறங்கி, மேடை ஓரத்து ஈர மண்ணில் நின்றாய்.

பாடகர் பாடிக்கொண்டேதான் இருந்தார். பேஸ் நின்று, பாட்டுக்கு அடியில் தரை போனதை முதலில் உணர்ந்தவன் நான். திரும்பிப் பார்த்தபோது உன் இடது கை கிடாரின் கழுத்தைப் பிடித்தபடி இறுகியிருந்தது. நீ கத்தவில்லை. கட்டையால் வயரைத் தட்டிவிட்டேன். நீ விழுந்தாய். மாட்டு வண்டியில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவரும் வழியெல்லாம் உன் முகத்தில் மழை பெய்தது. நீ கண்ணைச் சிமிட்டவில்லை.

தூரத்தில் எங்கோ இடி உறுமியது உண்மைதான். தனபால் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். கொக்கி போட்ட கரண்ட் என்று வெளியே தெரிந்தால் கல்யாண வீட்டுக்காரரும் மாட்டுவார், நாமும் மாட்டுவோம் என்று என் காதில் சொன்னார். தலையாரி வந்து, இடியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குள் நாலு பேர் மின்னலைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

இப்போது அந்த இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள், தெரியுமா? மஞ்சள் பூசிக் கும்பிடுகிறார்கள். மழையை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போன ஆள் என்று உன்னைச் சொல்கிறார்கள். இரண்டு வருஷமாக மறுபடியும் மழை இல்லை. போன வாரம் ஊரிலிருந்து நாலு பேர் தனபால் அண்ணனைப் பார்க்க வந்தார்கள். அதே மாதிரிக் கச்சேரி வேண்டும், அதே கிடார் வேண்டும், அவுக ரத்தமே வந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டார்கள். செருப்பில்லாமல் என்று ஒருத்தர் மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை நாகராசு. காய்ந்துபோன மனிதர்கள். எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

சுப்பிரமணி உன் பெட்டியைக் கேட்டு என் கடைக்கு வந்தான். ஸ்பீக்கர் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினேன். அவன் போன பிறகு, நாலு வருஷமாகச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்ததைத் திறந்தேன். டேப் சுற்றிய நுனி நான் விட்ட இடத்திலேயே கிடந்தது. கடையைப் பூட்டிவிட்டுப் பாளையம்பட்டிக்கு டவுன் பஸ் ஏறினேன்.

லட்சுமி தறியில் இருந்தாள். உன் மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். எட்டு வயதாகிறது, உன் விரல்தான் அவளுக்கு. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திருச்சுழி, கத்தரி, காலையில் சொன்ன பொய், தலையாட்டல். நூலோடு ஓடும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"அன்னைக்கு மத்தியானம் சாப்பிடுறப்ப அவுக சொன்னாக. மச்சான் சரி பண்ணிட்டாப்ல, இனிமே கம்பி கடிக்காதுன்னு. நாலு வருசமா நீங்க எப்ப வருவீகன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஏம்மா என்கிட்டக் கேக்கல?"

"கேட்டிருந்தா இன்னொரு பொய் சொல்லியிருப்பீக அண்ணே."

நான் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. தன்னிடம் சொன்னது போதாது என்றாள். சுப்பிரமணியிடம் சொல்ல வேண்டும், அந்த ஊரிலும் சொல்ல வேண்டும், இடி என்று சொன்ன வாயாலேயே சொல்ல வேண்டும் என்றாள். பிறகு தறிக்குத் திரும்பினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் தெருவில் இறங்கி நடந்தேன்.

சுப்பிரமணியிடம் அன்றைக்கே சொன்னேன். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. "எங்க அண்ணனை ஊரே கும்பிடுது. நீங்க வந்து வயருன்னு சொன்னா நான் நம்பணுமாக்கும்" என்று சொல்லிவிட்டுக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தனபால் அண்ணன் வேறு எங்கோ ஒரு புதுப் பெட்டி கட்டச் சொல்லி வாங்கிவிட்டார். அதை என் கண்ணில் காட்டவில்லை. பிளக்கில் இரண்டே முள்தான், எர்த்துக்கு முள் இல்லை என்று தபேலா வாசிக்கிறவர் சொன்னார்.

இன்றைக்கு மத்தியானத்திலிருந்து மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. பஜாரில் எல்லாரும் வெளியே வந்து நின்று வானத்தைப் பார்க்கிறார்கள். நான் ஒருத்தன் மட்டும் வெள்ளிக்கிழமை தாண்டும் வரை மழை வேண்டாம் என்று துஆ கேட்டேன். இந்த மண்ணில் பிறந்தவன் கேட்கக் கூடாத வேண்டுதல். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மாப்ளே. வெள்ளிக்கிழமை, வேன் வருவதற்கு முன்னாலேயே நான் அந்தக் களத்தில் இருப்பேன். லட்சுமியும் வருகிறாள். முதல் பாட்டுக்கு முன்னால் மைக்கை வாங்கி, இங்கே இடி விழவில்லை, என் கை செய்தது என்று சொல்வேன். போலீஸுக்கும் அதையே எழுதிக் கொடுப்பேன். கல்லெறிந்தாலும் சரி, கட்டி வைத்தாலும் சரி. அந்தப் புதுப் பெட்டியை நான் திறந்து பார்த்து, எர்த்துக் கொடுத்து, என் வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று அந்த நாலு கம்பியையும் முதலில் தொடுவேன். அதற்கு முன்னால் உன் தம்பியின் விரல் அதில் படாது.

உன் மரணத்துக்குக் காரணமான,
லட்சுமிக்கு அண்ணனான,
உன் மச்சான்
சிக்கந்தர்