வாப்பா, உங்கள் மௌத்தை மறைத்தேன்

என் உயிரான வாப்பாவுக்கு,

ஏழு மாதமாகச் சொல்ல வாய் வராததை இன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் மௌத்தான செய்தியை ஆபீஸில் நான் யாருக்குமே சொல்லவில்லை.

கீழக்கரையில் இஷா தொழுகைக்குப் பிறகு உங்களை அடக்கம் செய்தார்கள். இங்கே அமெரிக்காவில், மில்பிடாஸில் அப்போது காலை எட்டு மணி. ஆபீஸ் பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்து, தம்பியின் வீடியோ காலில் பார்த்தேன். அது ஆட்களைக் குறைக்கும் லேஆஃப் நடந்த வாரம்; லீவு கேட்டால் என் பெயரும் பட்டியலில் ஏறிவிடுமோ என்று பயம். வேலை போனால் விசாவும் போய்விடும். முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்பது மணி மீட்டிங்குக்குப் போனேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று மேனேஜர் கேட்டார். அலர்ஜி என்றேன். என்ன பிள்ளை வாப்பா நான்?

போன வாரம் உங்கள் பேத்தி நஸ்ரின், பழைய சீனாவைப் பற்றி ஸ்கூல் ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்தாள். "டாட், ட்வென்டி செவன் மன்த்ஸ்! கேன் யு பிலீவ் இட்?" என்று கூவினாள்.

கன்பூசியஸ் வழியில் நடந்த அந்த அரசில், பெற்றவர் இறந்தால் அதிகாரி பதவியை விட்டு ஊருக்குப் போய் இருபத்தேழு மாதம் துக்கம் காக்க வேண்டுமாம். மந்திரியானாலும் சரி. தகப்பனுக்கு உண்மையாக இல்லாதவன் அரசனுக்கு எப்படி உண்மையாக இருப்பான் என்று நினைத்திருக்கிறார்கள். ஒருமுறை பேரரசரே தன் தலைமை மந்திரியைப் போகவிடாமல் நிறுத்திக்கொண்டாராம். அது தப்பு என்று எழுதிக்கொடுத்த அதிகாரிகளுக்கு அரண்மனை வாசலிலேயே தடியடி. யா அல்லாஹ்! யாரோ ஒருவருடைய தகப்பனுக்காக அடி வாங்கியிருக்கிறார்கள் வாப்பா! எனக்குப் புல்லரித்துப் போய்விட்டது. இப்படியும் மனிதர்கள் இருந்திருக்கிறார்களா?

"மௌத்தை மறைச்சா என்ன பண்ணுவாங்களாம்?" என்று கேட்டேன்.

"தட்ஸ் எ க்ரைம், டாட்," என்றாள், லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மறுநாள் காலை மேனேஜரின் அறைக்குப் போனேன். ஏழு மாதத்துக்கு முன் என் தகப்பனார் இறந்துவிட்டார், அன்றைக்கு அலர்ஜி இல்லை என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"வாட் வாஸ் ஹிஸ் நேம்?" என்று கேட்டார்.

செய்யது இபுராஹிம் என்றேன். அவர் தடுமாறித் தடுமாறி அதைத் திருப்பிச் சொன்னபோது உடைந்து அழுதேன் வாப்பா.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். அமெரிக்கா திரும்ப வேண்டிய விசா ஸ்டாம்பிங் கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயம்தான். "போயிட்டு வாங்க, வர்றத பாத்துக்கலாம்" என்கிறாள் உங்கள் மருமகள். உங்களை அடக்கிய கபரடியில் நின்று, கேட்கிற எல்லோரிடமும் நான் செய்யது இபுராஹிமின் மகன் என்று சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் மூத்த மகன்,
ஜமால்