சுங்கை பாக்காப் வெண்டைக்காய்

அன்பு மகள் இமானுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், மான்செஸ்டர் குளிரில் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, கடைக்கு வந்து உட்கார்ந்து குழம்பில் உப்புக் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து பேசுவாய், அதனால் தாளில் எழுதி அவள் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன், முழுதும் படித்துவிட்டுக் கூப்பிடு.

கிராமத்து ஆட்கள் கிராமத்திலேயே தங்கி விவசாயம் பார்க்கவேண்டும் என்பதற்கு, நீடித்த வளர்ச்சி மாநாட்டில் நம் கடையை உதாரணம் காட்டிப் பேசப்போவதாக நீ சொன்னதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. போன லீவில் நீ எழுதி மாட்டிய 'சுங்கை பாக்காப் வெண்டைக்காய், தோட்டத்திலிருந்து நேராகத் தட்டுக்கு' போர்டைத் தினமும் துடைத்து வைத்தேன், சாப்பிட வரும் வெள்ளைக்காரர்கள்கூட அதைப் படம் எடுத்தார்கள். நேற்று ஒரு கல்யாண ஆர்டருக்குக் காய் போதவில்லை, சுபுஹு தொழுத கையோடு பாசார் போரோங் மொத்தச் சந்தைக்கு நானே போனேன். அங்கே தாய்லாந்து எழுத்துப் போட்ட பெட்டியிலிருந்து வெண்டைக்காயை அள்ளித் தன் பழைய கூடையில் அடுக்கி, அப்போதுதான் பறித்ததுபோல் தெரிய மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான் நம் முஸ்தஃபா. நீ பிறக்கும் முன்பிருந்தே தன் சுங்கை பாக்காப் தோட்டத்துக் காயை நமக்குக் கொண்டுவரும் அதே முஸ்தஃபா.

என்னைப் பார்த்ததும் கூடையைக் காலால் மறைத்தான். எத்தனை நாளாக இந்த வேலை என்று கேட்டேன். போன பெருநாளுலேருந்துண்ணே, தோட்டமெல்லாம் லாலாங் புல்லு மண்டிப் போச்சு, அந்தப் புள்ள ஆசையா எழுதுன போர்ட எப்படிக் கழட்டச் சொல்றது என்றான். அட பாவி, தோட்டத்தை ஏன் விட்டாய் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். பெரியவன் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போய்ட்டான், சின்னவன் ஹைக்கல நீங்க கடைக்குக் கூட்டிக்கிட்டீங்க, ஒருநாள் பறிக்காம விட்டா முத்திப்போற காய், ஒத்த ஆளு நான் என்னண்ணே பண்ணுவேன் என்றான். மாடியில் ரூம் தருகிறேன், டவுனுக்கு வந்து முன்னேறுடா என்று ஹைக்கலைக் கூட்டி வந்தவன் நான்தான். அங்கே காய் பறிக்கவேண்டிய பையன் என் சமையலறையில் தாய்லாந்துக் காயை நறுக்குகிறான். எல்லை தாண்டி டீசலைக் குடித்துக்கொண்டு லோரி வருகிறது, பாலம் தாண்டினால் இருக்கும் முஸ்தஃபாவின் நிலம் சும்மா கிடக்கிறது, நான் அந்தப் போர்டைத் துடைத்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னமும் என்னால் நம்ப முடியவில்லை.

கடைக்கு வந்ததும் ஹைக்கலைக் கூப்பிட்டு, இதே சம்பளம் தருகிறேன், உன் அத்தாவோடு போய்த் தோட்டத்தைப் பார், விளைவதையெல்லாம் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவன் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான், மாமா, டவுனுக்கு வந்தாதான் ஆளாவலாம்னு சொன்னதே நீங்க, கம்போங்குல, கிராமத்துல ஆளு தங்கணும்னு அவ்ளோ தூரம் போயி படிக்கிற இமான் அக்காவ முதல்ல வரச் சொல்லுங்கலா, நான் பின்னாடியே போறேன் என்றான். உன் அம்மா சிரித்துவிட்டாள். நான் போர்டுக்கு அடியில் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

போர்டைக் கழற்றிவிட்டேன். காய் இன்னும் முஸ்தஃபாவிடம்தான் வாங்குகிறேன், தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மாநாட்டில் நம் கடைப் பேச்சை எடுத்துவிடு, பேசித்தான் ஆகவேண்டும் என்றால் நடந்ததை நடந்தபடி சொல். வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, வெளியே போகும்போது காதை மூடிக்கொள். அல்லாஹ் உனக்கு பரக்கத்தும் நீண்ட ஆயுளும் தரட்டும். ஊருக்குத் திரும்பிப் போ என்று ஹைக்கலிடம் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகவில்லை மகளே, உன்னிடம் அதைச் சொல்ல இந்தத் தாள் முடியும்வரை முயன்று பார்த்தேன், வரவில்லை.

இப்படிக்கு,
உன் அத்தா
ஹபீப் முகம்மது