அட்டையில் இல்லாத சொல்

பிப்ரவரி 13, 2018, செவ்வாய்

இன்றும் மூன்று இடத்தில் மாற்றினேன்.

கறுப்பர் வரலாற்று மாதம் என்பதால் பிப்ரவரியில் எங்கள் பக்கத்துக் கறுப்பர் தேவாலயங்கள் எல்லாம் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ., வெள்ளைக்காரர், என் முதலாளி மிஸ்டர் வென்டலைப் பேசக் கூப்பிடும். சட்டசபை முடிந்து ராலேயிலிருந்து காரில் வரும்போது சின்ன ரெக்கார்டரில் பேசிக்கொண்டே வருவார். மறுநாள் காலை அது என் மேஜையில் இருக்கும். நான் ஹெட்போனில் கேட்டு, அட்டைகளில் பெரிய எழுத்தில் தட்டித் தரவேண்டும். மனுஷனுக்கு எண்பது ஆகப்போகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு மேடை ஏற மாட்டார், அப்படி ஒரு வீம்பு.

டேப்பில் எங்கள் ஜனங்களைப் பற்றி 'கலர்ட்', அதாவது நிறத்தவர், என்று வரும். அட்டையில் வராது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கோர்ட்டு வாசலில் வெள்ளைக்காரர்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று இரண்டு தண்ணீர்க் குழாய்கள் இருந்தன. எங்களுக்கான குழாய்மேல் எழுதியிருந்த சொல் அது. அதைப் போய் எப்படித் தட்டுவது? 1996-இல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மாற்றிவிட்டேன். ஏன் மாத்தினே என்று கேட்பார், சொல்லிவிடலாம் என்று பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து காலத்துக்கு ஏற்றபடி நானே மாற்றிக்கொண்டு வருகிறேன். கொஞ்ச வருஷம் ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று போட்டேன். இப்போது பிளாக் என்று போட்டால்தான் இளசுகளுக்குப் பிடிக்கிறது.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். "நான் பொறந்தப்போ ஒரு பேரு, காலேஜ் போனப்போ ஒரு பேரு, என் வேலைய பிடுங்கினப்போ ஒரு பேரு. நீங்க மாத்திக்கிட்டே இருங்கம்மா, நான் மெதுவா வந்து சேந்துக்கறேன்."

அவர் வாயிலும் அந்தச் சொல்தான். "கலர்ட் டீச்சருங்க நாங்க" என்றுதான் ஆரம்பிப்பார். தொண்ணூற்றொரு வயதில் அவரை யார் திருத்துவது.

பிப்ரவரி 22, வியாழன்

டயாலிசிஸிலிருந்து வந்து படுத்த அப்பா எழுந்திருக்கவே இல்லை. மீன் கட்லெட் செய்து கொடுத்தேன், ஒரு வாய் சாப்பிட்டார். அது எனக்காக.

மார்ச் 3, சனி

அப்பா போய்விட்டார். காலை ஆறு பத்து.

மார்ச் 6, செவ்வாய்

போன் ஓயவில்லை. அறுபது வயதுக்கு மேல் இந்த ஊரில் இருக்கிற கறுப்பர் எல்லோரும் அப்பாவிடம் படித்தவர்கள். வெள்ளைக்காரர்களும் கூப்பிடுகிறார்கள். "புரொபசர் போயிட்டாராமே" என்கிறார்கள். அவர்களுக்கு அப்பா எப்போதும் புரொபசர்தான். சின்ன வயதில் அதைப் பெரிய மரியாதை என்று நினைத்துப் பூரித்திருக்கிறேன். கறுப்பு மனுஷனை மிஸ்டர் என்று கூப்பிட வாய் வராமல் கண்டுபிடித்த வழி அது என்று பதினைந்து வயதில்தான் புரிந்தது. 69-இல் வெள்ளையர் பள்ளியையும் எங்கள் பள்ளியையும் ஒன்றாக்கினார்கள். எங்கள் பள்ளியின் முதல்வரான அப்பாவைக் கொண்டுபோய்ப் புதுப் பள்ளியில் பாடப்புத்தகம் எண்ண வைத்தார்கள். அப்போதும் அவர் புரொபசர்.

மிஸ்டர் வென்டல் வீட்டுக்கே வந்தார். சமையலறையில் உட்கார்ந்து தேம்பி அழுதார். "அடக்கத்தன்னிக்கு நான் ரெண்டு வார்த்தை பேசறேன், ஆர்னெட்டா. மாட்டேன்னு சொல்லிடாதே." நான் ஏன் மாட்டேன் என்று சொல்லப் போகிறேன்?

மார்ச் 10, சனி

இன்று அப்பாவின் அடக்கம். எழுதித் தீர்க்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

அட்டைகள் என் கைப்பையில் இருந்தன. ஏழு அட்டை. நேற்று தட்டியது. அப்பாவை 'மிஸ்டர் கெய்தர்' என்று நாலு இடத்தில் போட்டிருந்தேன். தேவாலயம் நிரம்பி, சுவரோரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். ரெவரெண்ட் டில்லார்ட் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் மிஸ்டர் வென்டல் எழுந்து என் வரிசைக்கு வந்தார். அட்டைகளை நீட்டினேன். என் கையை லேசாகத் தட்டிக்கொடுத்து, "இன்னிக்கு வேணாம்மா, மனசுல இருந்து பேசறேன்" என்றார்.

மனசிலிருந்துதான் பேசினார்.

"ஹோசியா மாதிரி ஒரு கலர்ட் மனுஷன நான் பாத்ததே இல்ல. நான் பழகின கலர்ட் ஜனங்கள்லேயே ஒசத்தியானவன்."

கைவிசிறிகள் நின்றுவிட்டன. அதுவரை வரிக்கு வரி ஆமென் சொல்லிக்கொண்டிருந்த கூட்டம் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அது உறைக்கவே இல்லை. துக்கத்தில் அமைதியாக இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். இன்னும் ஐந்து நிமிஷம் பேசினார், இன்னும் இரண்டு தரம் சொன்னார். என் தம்பி லூஷியஸ் முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்த பிடியை விடவே இல்லை. நான் மடியில் இருந்த அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் அந்த ஒரு சொல்தான் காதில் விழுந்தது. எனக்கு மிஸ்டர் இல்லாமல் வெறும் ஹோசியா என்றதும் விழுந்தது. அப்பா அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவர் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார். போகும்போது என் கன்னத்தில் முத்தமிட்டு, "உங்கப்பாவுக்கு சந்தோஷமா இருந்திருக்கும்" என்றார்.

மார்ச் 13, செவ்வாய்

அவர் பேசியதை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். நாற்பது நொடி. மாநிலம் முழுக்க ஓடுகிறது. அப்பாவின் பெட்டியும், மேலே வைத்த லில்லிப் பூக்களும் தெரிகின்றன. ஓரத்தில் என் தொப்பி தெரிகிறது.

லூஷியஸ் டர்ஹமிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, உன் மொதலாளிக்கு இத்தனை வருஷம் பேச்சு எழுதித் தர்றியே, இதுதான் எழுதித் தந்தியா?"

"நான் எழுதினத அவர் படிக்கலடா."

"அப்போ, அட்டை இல்லாட்டி அவர் யாருன்னு உனக்குத் தெரிஞ்சேதான் இருந்திருக்கு."

போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 15, வியாழன்

மே 8 அன்று கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல். கட்சிக்குள் எதிர்த்து நிற்பவள் ஒரு பள்ளி ஆசிரியை. போன வாரம் வரை அவளை யாரும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் ஆட்களின் ஓட்டு இல்லாமல் மிஸ்டர் வென்டல் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

அவருடைய தேர்தல் ஆள் ஒரு காகிதம் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். 'கெய்தர் குடும்பத்தினராகிய எங்களுக்கு எந்த மனவருத்தமும் இல்லை. அவர் பேசியது அன்பால்.' கீழே என் பெயர். திங்களுக்குள் கையெழுத்து வேண்டுமாம்.

அன்பால் என்பது பொய்யில்லை. அதுதான் கஷ்டமே.

மார்ச் 18, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையின் சிஸ்டர் வைலா என்னைக் கார் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தாள். "கையெழுத்தப் போட்டுத் தொலை, ஆர்னெட்டா. அந்த டயாலிசிஸ் சென்டர யாரு கொண்டாந்தா? வாரம் மூணு நாள் அந்த நாற்காலியில உக்காந்துதான் நான் உயிரோட இருக்கேன். உங்கப்பாவும் உக்காந்தாரு. வார்த்தை என்னை ஒண்ணும் பண்ணிடாது. அது இல்லாம அறுபது மைல் போயி வர்றது பண்ணிடும்."

அவள் சொல்வதிலும் தப்பில்லை. பின்னால் நின்ற அவள் மகள், "அம்மா, அவர் நம்ம வரிப்பணத்துலதான் கொண்டாந்தார், சொந்தக் கையிலிருந்து இல்ல" என்றாள். "நீ சும்மா இரு" என்றாள் வைலா.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவருக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லையே. சொல்லித் தர வேண்டியவள் நான், மூடி மறைத்துக்கொண்டே வந்தேன். ஏன்? பயமா? ஊர் காதில் விழக்கூடாது என்றா? என் காதில் விழுந்துகொண்டுதானே இருந்தது. ஹெட்போனில். எனக்கு மட்டும். இருபத்திரண்டு வருஷமா நான் ஒருத்தி கேட்டுக்கிட்டிருந்தேனே.

நாளைக்கு அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தெரியாமல்தான் பேசினார் என்றால், மன்னித்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

மார்ச் 19, திங்கள்

சொன்னேன்.

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். "மிஸ்டர் வென்டல், உங்க டேப்ல வர்ற சில வார்த்தைய நான் அட்டையில மாத்திடறேன். சேந்த நாள்லேருந்து. உங்ககிட்ட சொன்னதில்ல. என் தப்புதான்."

"தெரியுமே" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நான்தானேம்மா படிக்கிறேன். நான் சொன்னது எது, நீ போட்டது எதுன்னு தெரியாதா? கெளம்பறப்போ டாட்டி என் டைய சரி பண்ணி விடுவா. நீ பேச்ச சரி பண்ணி விடுவே. ஒரு தடவகூட தப்பு வந்ததில்ல. அதுக்குத்தானே உன்னை வச்சிருக்கேன்."

மனைவி கட்டிவிடும் டையும் நானும் ஒன்று.

"ஏன் மாத்தறேன்னு ஒருநாள்கூட கேக்கலியே நீங்க."

"உங்காளுங்களுக்கு எது பிடிக்குமோ அத போட்டிருப்பே. அதுல கேக்க என்ன இருக்கு? வருஷத்துக்கு ஒண்ணு மாத்தறீங்க, நான் எத்தனைய ஞாபகம் வச்சுக்கறது? உங்கப்பாவே அப்படித்தானே பேசுவான்."

"அப்பா தன்னைப் பத்திச் சொல்லிக்கிட்டது அது."

"உங்கப்பான்னா எனக்கு உசிரு, ஆர்னெட்டா." கண் கலங்கிவிட்டது அவருக்கு. நடிப்பில்லை, எனக்குத் தெரியும். பேனாவின் மூடியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

அவருக்குத் தெரியாது என்று நம்பியே இத்தனை வருஷம் அங்கே உட்கார்ந்திருந்தேன். தெரிந்திருக்கிறது. தெரிந்தும், ஏன் என்று ஒரு கேள்வி கேட்க அவருக்கு அவசியப்படவில்லை. நான் எதிர்லதானே உக்காந்திருந்தேன், திரும்பிக் கேட்டா போதுமே.

காகிதத்தை மடித்து அவர் பக்கமே வைத்துவிட்டு எழுந்தேன். "நாளைக்கு சீக்கிரம் வந்துடு, முன்னாள் ராணுவத்தார் கூட்டத்துக்குப் பேச்சு இருக்கு" என்றார். நான் வரமாட்டேன் என்பது அவருக்குக் கடைசி வரை தோன்றவில்லை.

மார்ச் 20, செவ்வாய்

எட்டு மணிக்குக் காரில் ஏறி உட்கார்ந்தேன். பிறகு இறங்கி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 7, சனி

அலமாரியில் டேப் பெட்டி இருக்கிறது. அட்டை தட்டியபின் அழித்துவிடச் சொல்வார். சிலதை அழிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எதற்கு என்று அப்போதும் தெரியாது. லூஷியஸ் மோப்பம் பிடித்துவிட்டான். "ஒரு டேப்ப குடுக்கா, போதும். ஆள் அதோட காலி."

ஒன்றைப் போட்டுக் கேட்டேன். 2009, டயாலிசிஸ் சென்டர் திறப்பு விழாப் பேச்சு. நடுவில் நிறுத்தி, "ஆர்னெட்டா, உங்கப்பாவுக்கு இடுப்பு வலி எப்படி இருக்கு? டாட்டி களிம்பு குடுத்து விடறேன்னா" என்கிறார். உடனே அடுத்த வரியில் அந்தச் சொல். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதே பரிவுதான்.

அழுதேன். யாருக்காக என்று சொல்லத் தெரியவில்லை.

பெட்டியைக் கொடுக்கப் போவதில்லை. அவர் மாட்டிக்கொள்வார், சரி. மாற்றிக் கொடுத்தவள் யார் என்று அடுத்த கேள்வி வருமே.

மே 8, செவ்வாய்

தோற்றுவிட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில். நான் யாருக்கும் போடவில்லை. போய் நின்றேன், ஓட்டுச்சீட்டைப் பார்த்தேன், அந்த இடத்தைக் காலியாக விட்டு வந்துவிட்டேன்.

மே 9, புதன்

மிஸ்டர் வென்டலின் மனைவி மிஸ் டாட்டி போன் செய்தார். "இப்போ திருப்தியா?" என்று கேட்டு வைத்துவிட்டார். இல்லை என்று சொல்ல நேரம் தரவில்லை.

சிஸ்டர் வைலா என்னோடு பேசுவதில்லை.

ஜூன் 21, வியாழன்

இன்று கல்லறைக் கல்லுக்குச் சொல்லிவிட்டு வந்தோம். லூஷியஸும் வந்திருந்தான். அடக்கச் செலவுக்கு அப்பா பணம் கட்டிவந்த நல்லடக்கச் சங்கத்தின் காகிதங்களுக்கு நடுவில், கல்லில் என்ன பொறிக்க வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்த துண்டுத்தாள் போன வாரம்தான் கிடைத்தது. கரும்பலகையில் எழுதுகிற அதே கையெழுத்து, கோடு பிசகாமல்.

மிஸ்டர் ஹோசியா கெய்தர்
முதல்வர், டார்ப்ளி கவுண்டி கலர்ட் ஸ்கூல்
1926 –

காரில் வரும்போதே லூஷியஸ் ஆரம்பித்துவிட்டான். "அந்த வார்த்தைய எடுத்துடலாம்கா. இவ்ளோ நடந்தப்புறம் கல்லுல வேற அத போடணுமா? முதல்வர்னு மட்டும் போட்டா போதாதா?" அந்தச் சொல்லை எடுக்கிற வேலையைத்தானே இத்தனை வருஷம் நான் செய்தேன்.

கல் வெட்டுகிறவர் ஒரு வெள்ளைக்காரப் பையன், முப்பது வயது இருக்கும். தாளை வாங்கிப் படித்தார். இரண்டாவது வரியில் காது சிவந்துபோனது. எங்கள் முகத்தைப் பார்க்காமலே, "இது... இப்படியேவா மேடம்?" என்றார்.

"அவர் இருந்த பள்ளிக்கூடத்தோட பேரு அது. இருக்கட்டும்" என்றேன். லூஷியஸ் தடுக்கவில்லை.

"சரிங்க. அப்புறம், கல்லுல மிஸ்டர்னு யாரும் போடறதில்ல. வெறும் பேருதான் போடுவாங்க. அத எடுத்துடட்டுமா?"

லூஷியஸ் தாளை அவர் கையிலிருந்து வாங்கினான். அவன் இதுவரை அந்த முதல் வரியைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை போலிருக்கிறது. அங்கேயே நின்றபடி திரும்பத் திரும்பப் படித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேற எத வேணா சின்னதா போடுங்க. அது மட்டும் பெருசா இருக்கணும்" என்றான்.

அப்பாவின் தாளைக் கொடுக்க மனசில்லை, தட்டித் தருகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து பழைய அட்டை ஒன்றை எடுத்துப் பெரிய எழுத்தில் தட்டினேன். எதையும் மாற்றவில்லை.