படம் மட்டும் எடுத்துச் சென்றார்

ஜூன் 9, 2025, திங்கள்

காலையிலிருந்து சாரல். மலை கண்ணுக்குத் தெரியவில்லை.

எங்கள் கேட்டுக்கு வெளியே வடிகால் மேலிருந்த சிமெண்ட் மூடி சனிக்கிழமை உடைந்தது. குற்றாலத்துக்குக் குறுக்கு வழி என்று நினைத்துச் சந்துக்குள் வந்த ஒரு சுற்றுலா வேன், பின்னால் எடுக்கும்போது சக்கரத்தை அதன் மேல் ஏற்றிவிட்டது. பாதி மூடி உள்ளே விழுந்துவிட்டது. மிச்சப் பாதியில் பக்கவாட்டில் கால் வைத்துத்தான் தெருவுக்கு இறங்க வேண்டும். வடிகால் என் இடுப்பளவு ஆழம். இந்த வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது.

எதிர்க்கடை பால்வண்ணநாதன், "கொத்தனார வரச் சொல்லுதேன் ஆச்சி, ரெண்டு மணி நேர வேலை" என்றார். வேண்டாம் என்றேன். போன வருடம் சொந்தமாக மூடி போட்ட இரண்டு வீட்டுக்காரர்களுக்கு ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்தது. அதோடு, பொது வடிகாலைப் பார்க்க வேண்டியது பேரூராட்சி. ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது.

பேனாவால் ஒரு பக்கத்தில் மனு எழுதிக் கொண்டு போனேன். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. எழுத்தர் விஸ்வநாதன் கையை நீட்டவே இல்லை.

"பேப்பர் இப்ப வாங்குறதில்லம்மா. எல்லாம் வெப்சைட்டுதான். வாசல்ல க்யூஆர் கோடு ஒட்டிருக்கு, பாத்தீங்களா?"

பார்த்தேன். மழையில் ஒரு மூலை உரிந்து தொங்கியது.

ஜூன் 10, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து மகள் ஷாரோன் போனிலேயே வழி சொன்னாள். முதல் படத்தில் என் கட்டைவிரல் விழுந்தது. இரண்டாவதில் என் செருப்பு. மூன்றாவதில்தான் மூடி.

பிறகு "புகாரின் வகை" என்று ஒரு பட்டியல். குடிநீர், தெருவிளக்கு, குப்பை, வடிகால் அடைப்பு, தெருநாய். உடைந்த மூடிக்கு இடமே இல்லை.

"வடிகால் அடைப்புன்னு போடுங்கம்மா" என்றாள்.

"அடைப்பு இல்லையே. தண்ணீர் நன்றாகத்தான் ஓடுகிறது."

"அம்மா, நீங்க பரீட்சையா எழுதுறீங்க? ஏதாவது ஒண்ண அமுக்குங்க."

அமுக்கினேன். பொய்யில் தொடங்கியிருக்கிறேன் என்று உறுத்துகிறது. அவள் அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

உடனே புகார் எண் வந்தது. 48 மணி நேரத்தில் தீர்வு என்றது. அதைச் சொல்ல வேண்டும், அந்த வேகத்தை நான் மெச்சினேன்.

ஜூன் 12, வியாழன்

மிச்சப் பாதியும் விழுந்தது. பால்காரர் பாக்கெட்டைக் கேட் கம்பிக்கு மேலாக நீட்டிவிட்டுப் போனார்.

ஜூன் 13, வெள்ளி

ஒரு பெண் வந்தாள். பெயர் முத்துசெல்வி. பேரூராட்சியின் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். கையில் நீளக் கம்பியும் கூடையும். வடிகாலுக்குள் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அடைப்பே இல்லையே ஆச்சி? அடைப்புன்னுதான எனக்கு வந்திருக்கு."

விளக்கினேன். மூடி போடுவது வேறு பிரிவு, அவளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவளால் செய்யக்கூடியது, சுத்தமாக இருப்பதைப் படம் எடுத்துப் போனில் ஏற்றுவதுதான். எடுத்தாள். போகத் திரும்பியவள் மறுபடி அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள்.

"நீங்க எப்பிடி வெளிய வாரீய?"

"வரவில்லை" என்றேன்.

அரைமணி நேரம் கழித்து ஒரு பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நனைந்தபடி வந்தாள். அவள் வீட்டு ஆட்டுக்கூண்டுப் பலகையாம். வடிகாலின் குறுக்கே போட்டு, இரண்டு பக்கமும் கல் அண்டை கொடுத்து, மேலே ஏறி நின்று குதித்துக் காட்டினாள்.

"மூடி போட்டதும் எடுத்துக்கிடுதேன். அதுவரைக்கும் நடந்துக்கிடுங்க."

காப்பி கொடுத்தேன். குடித்த டம்ளரை, வேண்டாம் என்று நான் சொல்வதற்குள், குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். நான் ஏன் சொல்வதற்குத் தாமதித்தேன்?

போகும்போது தயங்கினாள். "ஆச்சி, மெசேஜ் வரும். அஞ்சு ஸ்டார் அமுக்கிருங்க. கொறைஞ்சா மேஸ்திரி ஏசுவாவ. போன மாசம் ரெண்டு பேர நிப்பாட்டிட்டாவ."

மெசேஜ் வந்தது. ஐந்தும் கொடுத்தேன். கான்வென்ட்டில் எங்களுக்குப் படிப்புக்கு ஒரு மதிப்பெண், நடத்தைக்கு ஒரு மதிப்பெண். இவள் நடத்தைக்கு ஐந்து கூடக் குறைவு.

ஜூன் 14, சனி

"தங்கள் புகார், தங்கள் முழுத் திருப்தியுடன் முடித்து வைக்கப்பட்டது."

என்ன திருப்தி? யாருக்குத் திருப்தி?

ஜூன் 17, செவ்வாய்

பலகை மேல் ஏறி, குடையை ஊன்றிக்கொண்டு, பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். விஸ்வநாதன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"நீங்களே அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கீங்களேம்மா."

"அது அந்தப் பெண்ணின் நடத்தைக்கு."

"நடத்தைக்குன்னு தனியா கட்டம் இல்லையேம்மா."

பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்தார். விஸ்வநாதன் சிரிக்கவில்லை, அதை இங்கே குறித்து வைக்கிறேன். முடிந்த புகாரைத் திறக்க முடியாதாம், புதிதாகப் போட வேண்டுமாம்.

ஜூன் 19, வியாழன்

புதிதாகப் போட்டேன். "ஏற்கெனவே தீர்வு காணப்பட்ட புகார். நிராகரிக்கப்பட்டது." பதில் வர நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

ஜூன் 20, வெள்ளி

"மேல்முறையீடு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது மாவட்ட அளவில் போகுமாம். இருநூறு எழுத்துக்குள் சொல்ல வேண்டும். நோட்டில் எழுதி, மூன்று முறை வெட்டிச் சுருக்கி, பிறகு போனில் ஏற்றினேன்:

"வடிகால் மூடி உடைந்து 13 நாட்கள். 13ஆம் தேதி வந்த பணியாளர் படம் மட்டும் எடுத்துச் சென்றார். மூடி மாற்றப்படவில்லை. புகார் தவறாக முடிக்கப்பட்டுள்ளது."

கோபச் சொல் ஒன்றும் இல்லை. கெஞ்சலும் இல்லை. இப்படித்தான் எழுத வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

பதில் இல்லை. சாரல் விடவில்லை. பலகை வழுக்குகிறது.

ஜூலை 1, செவ்வாய்

இன்று தெருப் பெருக்க வேறு ஒரு பெண் வந்தாள். முத்துசெல்வி எங்கே என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடையில் பால்வண்ணநாதனிடம் கேட்டேன்.

"உங்க கம்ப்யூட்டரு வேல செய்யல, வேல செய்யலன்னு சொன்னீயள்லா? செஞ்சிட்டு. அந்தப் பிள்ளய நிப்பாட்டிட்டாவ."

"எதற்கு?"

"வேலையே பாக்காம படம் போட்டு ஏமாத்துனான்னு. நீங்கதான மேல எழுதிப் போட்டீயளாம்."

கடையில் இருந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சர்க்கரை வாங்கப் போனவள் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

ஜூலை 2, புதன்

"மேல்முறையீடு ஏற்கப்பட்டது. சம்பந்தப்பட்ட பணியாளர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. புகார் தீர்க்கப்பட்டது. தங்கள் மதிப்பீட்டை ஏழு நாட்களுக்குள் பதிவு செய்யவும். பதிவு செய்யாவிடில் திருப்தி எனக் கொள்ளப்படும்."

மூடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 3, வியாழன்

வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சியதில்லை. இன்று விஸ்வநாதனிடம் கெஞ்சினேன்.

"நான் புகாரை வாபஸ் வாங்குகிறேன். எனக்கு மூடியே வேண்டாம். அந்தப் பெண்ணை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்."

"தீர்த்த புகார வாபஸ் வாங்க வழியில்லம்மா."

"அப்படியானால் திருப்தி இல்லை என்று ஒரே ஒரு நட்சத்திரம் போடுகிறேன்."

விஸ்வநாதன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போட்டுறாதீங்க. புகார் அந்தப் பிள்ள பேர்லதான் இருக்கு. நீங்க போடுற ஸ்டாரு அது பேர்லதான் விழும்."

"ஐந்து போட்டால்?"

"நிப்பாட்டுனது உங்களுக்குத் திருப்தின்னு ஆயிரும்."

"ஒன்றும் போடாவிட்டால்?"

அவர் என் போனைக் காட்டினார். அதுதான் மெசேஜிலேயே இருக்கிறதே.

செயல் அலுவலரைப் பார்க்கலாமா என்றேன். காணொலிக் கூட்டத்தில் இருந்தார். கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது, திரையில் பத்துப் பதினைந்து முகங்கள் சின்னச் சின்னக் கட்டங்களில். பன்னிரண்டரை வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் வேறு வாசல் வழியாக ஜீப்பில் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஜூலை 5, சனி

நல்ல தாளில் ஒரு நடத்தைச் சான்று எழுதினேன். முத்துசெல்வி பணிவும் இரக்கமும் உள்ளவள், அவள் மேல் தவறு இல்லை, தவறு என் புகாரில்தான் என்று. தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்துக்குக் கொண்டு போனேன்.

விஸ்வநாதன் முழுவதும் வாசித்தார். இரண்டாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பேப்பர் வாங்குறதில்லம்மா."

ஜூலை 6, ஞாயிறு

முத்துசெல்வி குற்றாலத்தில் வேலை பார்ப்பதாகப் பால்வண்ணநாதன் சொல்லியிருந்தார். ஆராதனை முடிந்ததும் ஆட்டோ பிடித்துப் போனேன். ஒரு சீசன் சாப்பாட்டுக் கடையின் பின்புறம் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள்ளேயே குத்துக்காலிட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"ஆச்சி! இந்த மழைல எதுக்கு வந்தீய? பலக வழுக்குமே."

நான் எழுதியது உன்னைக் குறித்து அல்ல, மூடியைக் குறித்து என்றேன். உண்மையைத்தான் எழுதினேன் என்றும் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன்?

"நீங்க பொய்யா எழுதுனீய? படம் எடுத்தேன்தான்" என்றாள். ஒரு தட்டைக் கழுவி வைத்தாள். இன்னொன்றையும். "ஆனா 'படம் மட்டும்'னு இருந்துச்சாம். மேஸ்திரி எல்லாரு முன்னாலயும் வாசிச்சாவ. அப்போ அந்தப் பலக என்ன, தானா நடந்து வந்து படுத்துக்கிட்டான்னு கேக்கணும்னு இருந்துச்சு. கேக்கல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"சீசன் முடிந்தால் என்ன செய்வாய்?"

"அப்பம் பாத்துக்கிடலாம், ஆச்சி." உள்ளேயிருந்து யாரோ, "ஏட்டி, தட்டு எங்கட்டி?" என்று கத்தினார்கள். போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் வரைவில் இருக்கிறது: "தன் வீட்டிலிருந்து ஒரு பலகை கொண்டுவந்து போட்டு உதவினார்." அதன் மேல் ஒரு கோடு. நேராக, அடிக்கோல் வைத்தது போல. இருநூறு எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்று நானே அடித்திருக்கிறேன். அந்த வரியை எடுத்தவள், "மட்டும்" என்பதை எடுக்கவில்லை. அது இருந்தால்தான் வாக்கியத்துக்குப் பலம் என்று நினைத்தேன்.

கோபச் சொல் ஒன்றும் இல்லையாம். பொய் ஒன்று இருந்ததே, பாவி.

ஜூலை 8, செவ்வாய்

ஷாரோன் சொல்கிறாள்: "நீங்க என்னம்மா பண்ணுவீங்க? சிஸ்டம் அப்படி." எல்லோருக்கும் இப்படி ஒரு வார்த்தை கிடைத்துவிடுகிறது. எனக்குத்தான் கிடைக்கவில்லை.

மறுபடி மேல்முறையீடு செய்து பார்த்தோம், பலகையைப் பற்றி எழுதி. "ஒரு புகாருக்கு ஒரு மேல்முறையீடு மட்டுமே."

ஜூலை 9, புதன்

ஏழாவது நாள். போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஐந்து வெற்று நட்சத்திரங்கள். ஒன்றைத் தொட்டால் அவளுக்கு அடி. ஐந்தைத் தொட்டால் அவளுக்கு நான் செய்ததற்கு நானே கைதட்டுவது. ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். என்னவென்று கேட்பது?

ஜூலை 10, வியாழன்

"தாங்கள் மதிப்பீடு அளிக்காததால் திருப்தி எனப் பதிவு செய்யப்பட்டது. நன்றி."

ஜூலை 12, சனி

காலை ஏழு மணிக்குக் கேட்டில் தட்டும் சத்தம். முத்துசெல்வி. சேலையை முட்டிக்கு மேல் இழுத்துச் செருகியிருந்தாள்.

"ஆச்சி, தப்பா நெனைக்காதீய. மூடி போட்டப்புறம் எடுத்துக்கிடுதேன்னுதான் சொன்னேன். கடைல தண்ணிக்குள்ளயே உக்காந்து காலு அழுகுது. பலக இருந்தா மேல உக்காந்துக்கிடலாம்."

"எடுத்துக்கொள்" என்றேன்.

"நீங்க எப்பிடி வெளிய வருவீய?"

ஒரு மாதத்துக்கு முன்பு கேட்ட அதே கேள்வி. "பேரூராட்சியில் போட்டுத் தருகிறார்கள்" என்றேன். நம்பாமல் என்னைப் பார்த்தாள். பிறகு கல்லை நகர்த்தினாள். பலகை ஊறிக் கனத்திருந்தது, அவளால் ஒரு பக்கமாகத் தூக்க முடியவில்லை. என் பக்கத்து முனையை நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

சான்றையும் கொடுத்தேன். அங்கேயே நின்று, எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"எழுத்து அச்சு மாதிரி இருக்கு ஆச்சி. இத நான் யார்ட்ட குடுக்க?"

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னேன். நனையாமல் இருக்க மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, பலகையைத் தலையில் ஏற்றிப் போனாள்.

அவள் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டில் நின்றபடியே எதிர்க்கடையைப் பார்த்துக் கூப்பிட்டேன்: "அண்ணாச்சி, அந்தக் கொத்தனாரை வரச் சொல்லுங்கள்."

"அவன் சீசன் வேலைக்குப் போயிட்டானே ஆச்சி. ஆகஸ்ட்டு கழியணும்" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

சேலை கட்டி, வேதாகமத்தை எடுத்துக்கொண்டு கேட் வரை போனேன். ஆராதனைக்கான கோயில் மணி அடித்து ஓய்ந்தது. தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அடைப்பு ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றினேன்.