மேலிருந்து இறங்கி வரும் படம்

சிதம்பரம்
18.11.2007

அன்புள்ள மாமாவுக்கு,

கலைமணி எழுதுகிறேன். நானும் நம் இலக்கியாவும் நன்றாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று அதோடு முடித்துவிடுகிறீர்கள். கடிதத்திலாவது இரண்டு வரி கூட எழுதுங்கள்.

மெயிலில் எழுதினால் என்ன என்று நினைப்பீர்கள். ஊரில் பாதிப் பேருக்குத் தமிழ் தட்டச்சு செய்து கொடுக்கிறவள் நான். ஆனால் நான் அடிக்கிற தமிழ் உங்கள் ஊர் நெட் சென்டரில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்கிறீர்கள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதினால் வேறு யாரோ ஒருத்தி உங்களிடம் பேசுகிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

தீபாவளிக்கு முன்னால் பிடித்த மழை இன்னும் விடவில்லை. கொல்லைப்புறச் சுவர் ஊறிப்போய்க் கிடக்கிறது. கம்ப்யூட்டர் இருக்கும் அறை மட்டும் ஒழுகவில்லை, அதுவரைக்கும் நிம்மதி. பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வேடுகள் நிறைய வருகின்றன. ஒருவர் நெல்லிக்குப்பம் கரும்பு விவசாயிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்தைப் படித்து முடிப்பதற்குள் அந்தக் கரும்பே விளைந்துவிடும் போலிருக்கிறது.

ஒரு விஷயம் உங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். போன வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். மதுரையில் ஒரு பேராசிரியருக்கு அத்தியாயம் ஒன்றை அனுப்ப உட்கார்ந்தேன். மோடம் கிர்ர் என்று கத்தி, கனெக்‌ஷன் கிடைத்து, பாதி போனதும் அறுந்துவிட்டது. திரும்ப டயல் செய்தேன். திரும்ப அறுந்தது. அந்த நேரமெல்லாம் நீங்கள் அங்கே பூத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். இங்கே லைன் பிஸி. கடைசியில் கிடைத்தபோது உங்கள் கார்டில் மிச்சம் இருந்தது, "கலை" என்று ஒரு தடவை கூப்பிட மட்டும்தான் போதுமாக இருந்தது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இந்த வாரத்தை ஓட்டுகிறேன்.

பிராட்பேண்ட் போட்டால் நெட்டும் ஓடும், போனும் அடிக்கும். டெலிபோன் ஆபீசில் விசாரித்தேன். நம் தெருவுக்கு இன்னும் கொஞ்சம் கனெக்‌ஷன்தான் கொடுக்க முடியுமாம். தை முடிவதற்குள் சொல்லாவிட்டால் அப்புறம் எப்போது கிடைக்கும் என்று அவர்களுக்கே தெரியாதாம்.

கடலூரில் அறிவழகன் அண்ணன் வீட்டில் போட்டுவிட்டார்கள். தீபாவளிக்கு மறுநாள் போயிருந்தோம். அண்ணியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து கேமராவில் வந்தார். தலை வாராமல், கையில் டீயோடு, பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்க்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "ஏன்டா இப்படி எளைச்சிப்போயிட்ட, ஒழுங்கா சாப்புடறியா இல்லியா?" என்று அண்ணி திட்டினாள். மாமா, எனக்கு அந்தக் கேமராவைப் பார்த்துப் பொறாமை வரவில்லை. அந்தத் திட்டைக் கேட்டுத்தான் வந்தது. இளைத்திருக்கிறான் என்று கண்ணால் பார்த்துத் திட்ட முடிகிறதே அவளால்.

இலக்கியா எல்லோருக்கும் முன்னால், "எங்கப்பா எப்ப இதுல வருவாங்க?" என்று கேட்டுவிட்டாள். "மச்சானயும் கேமரா இருக்கற கடையா பாத்து உக்காரச் சொல்லு கலை" என்றார் அண்ணன்.

நீங்கள் மெயிலில் அனுப்பிய படத்தைப் பார்த்தோம். டயல்-அப்பில் படம் எப்படி வரும் என்று தெரியுமே, மேலிருந்து கோடு கோடாக இறங்கும். முதலில் வானம் வந்தது. பிறகு ஒரு கட்டடத்தின் மொட்டை மாடி. பிறகு கடல். இலக்கியாவை மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப அப்பா தலை வரும் பாரு, இப்ப வரும் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசிக் கோடு வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் அதில் இல்லை.

போட்டுக்கொள்ளட்டுமா? வேண்டாமா? ஒரு வார்த்தை எழுதுங்கள். தையில் நீங்கள் வருகிற வரைக்கும் பொறுக்க முடியாதா என்று கேட்டால், முடியும். ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும்,
கலைமணி


குவைத்
10.12.2007

அன்புள்ள கலைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறோம். என்னை இப்போது ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். சாமான் எடுத்துக் கொடுத்து எழுதி வைக்கிற வேலை. பிளான்ட் வேலையை விடச் சுலபம். நீ கவலைப்பட வேண்டாம்.

பிராட்பேண்ட் விஷயம் யோசித்துப் பார்த்தேன். இப்போதைக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. மழைக் காலத்தில் நம் தெருவில் போனே ஒழுங்காக இருக்காது. இதை மட்டும் எப்படி நம்புவது? கரண்டும் அடிக்கடி போகும். அத்தியாயத்தை சி.டி.யில் போட்டுக் கூரியரில் அனுப்பினால் பேராசிரியர் வாங்கிக்கொள்ள மாட்டாரா? நான் கூப்பிடும் நேரத்தில் நீ நெட்டில் உட்காராமல் இருந்தால் லைன் பிஸியாகாது. இப்போது இருப்பதே போதும்.

கேமராவெல்லாம் இங்கே சரிப்படாது. நெட் சென்டரில் முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் பொண்டாட்டி பிள்ளையோடு என்ன பேச முடியும்? இலக்கியாவுக்கு என்னைப் பார்க்க வேண்டுமானால் கல்யாண ஆல்பம் இருக்கிறதே, அதைக் காட்டு. அதில் நன்றாகத்தானே இருக்கிறேன்.

லீவு விஷயம். தையில் வர முடியாது போலிருக்கிறது. ஆள் பற்றாக்குறை. சித்திரைக்கு மேல் பார்க்கலாம் என்கிறார்கள். கோபப்படாதே. நானாகத்தான் சரி என்றேன் என்று நினைத்துவிடாதே.

இலக்கியா ஸ்கூலில் எப்படி? அவள் கைக்குழந்தையாக இருந்தபோது மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம், ஞாபகம் இருக்கிறதா? முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்து வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வீடு வருகிற வரைக்கும் விடவில்லை. இப்போதும் அப்படித்தான் பயப்படுகிறாளா? சும்மா கேட்கிறேன். அடுத்த கடிதத்தில் எழுது.

என் ரூமில் இருக்கிற நெல்லிக்குப்பம் பழனிவேல், தன் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்கு வருகிறான். அவனிடம் இலக்கியாவுக்கு ஒரு கவுனும் உனக்கு ஒரு துணியும் கொடுத்து அனுப்புகிறேன். நீ அவ்வளவு தூரம் போய் அலைய வேண்டாம். அவனே சிதம்பரம் பஸ்சில் யாரிடமாவது கொடுத்தனுப்புவான்.

உன் குரல் கேட்டாலே எனக்குப் போதும் கலை. வெள்ளிக்கிழமை கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் தில்லைநாதன்


சிதம்பரம்
20.01.2008

என் அன்பு மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பழனிவேல் உங்கள் கையில் கொடுப்பார். அவரைத் திட்ட வேண்டாம். முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன்.

அலைய வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் திரும்பிப் போகிறவரிடம் உங்களுக்குக் கொஞ்சம் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்ப வேண்டாமா? பொங்கல் கழிந்ததும் இலக்கியாவைக் கூட்டிக்கொண்டு நெல்லிக்குப்பம் போனேன். கரும்பு வண்டிகள் ஆலை வாசல் வரை வரிசையாக நின்றன. பஸ் நகரவே இல்லை. இலக்கியா ஒவ்வொரு டிராக்டருக்கும் டாட்டா காட்டிக்கொண்டு வந்தாள்.

பழனிவேலின் மனைவி அமிர்தம் காபி கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணனுக்கு மூஞ்சில காயம்லாம் நல்லா ஆறிப்போச்சாமே அக்கா, சாமிதான் காப்பாத்துச்சி" என்றாள். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னாள். உள்ளேயிருந்து பழனிவேல் அவளை ஒரு அதட்டு அதட்டினார். அந்த அதட்டலிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

பிள்ளையை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, சொல்லுங்கள் என்று கேட்டேன். "அண்ணி, நான் சொல்லக் கூடாது. அண்ணன் என் தலைல அடிச்சி சத்தியம் வாங்கிக்கிட்டாரு" என்றார். கண்ணில் பட்டதா என்று மட்டும் கேட்டேன். "கண்ணு தப்பிச்சிருச்சி அண்ணி. வலது கன்னம், காது, கழுத்து. நீராவிப் பைப்பு விட்டுப்போச்சி, அண்ணன் அந்தாண்ட திரும்புனதால தப்பிச்சாரு" என்றார். அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். ஆடி மாதம் நடந்திருக்கிறது. பாலைவனத்தில் சைட்டு, அங்கே டவர் கிடையாது, போன் வராது என்று சொன்னீர்களே, அப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறீர்கள். நான் இங்கே உங்களுக்கு வெயில் தாங்குமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"இப்ப கண்ணாடியே பாக்கறதில்ல. ரூமுல இருந்த கண்ணாடியையும் எடுத்து உள்ள வெச்சிட்டாரு. ஊருக்குப் போவ லீவு குடுத்தாங்க, இவருதான் வேணாம்னுட்டாரு" என்று பழனிவேல் சொன்னபோதுதான் மாமா நான் அழுதேன். காயத்துக்கு அழவில்லை. லீவு கொடுத்தும் நீங்கள் வேண்டாம் என்றதற்கு அழுதேன்.

திரும்பும்போது கடலூரில் பஸ் மாறினோம். செம்மங்குப்பம் வந்ததும் வழக்கம்போல அந்தக் கெமிக்கல் பேக்டரி வாசனை. பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை இழுத்து விட்டார்கள். நான் திறந்தே வைத்திருந்தேன். கல்யாணமான புதிதில் நீங்கள் அங்கே ஷிப்ட் முடித்து வரும்போது சட்டையில் அந்த வாசனைதான் இருக்கும். துவைத்தாலும் போகாது. பின்னால் இருந்த அம்மா, "ஜன்னல சாத்தும்மா, புள்ளய வெச்சிக்கினு இருக்கற" என்றார்கள். சாத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சாத்தினேன்.

எனக்குக் கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. காலில் முள் குத்தினால்கூட உங்களிடம் சொல்கிறவள் நான். கட்டிலில் தனியாகப் படுத்துக்கொண்டு யார் கையால் கஞ்சி குடித்தீர்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருக்க முடியாதுதான். பாஸ்போர்ட் ஏது எனக்கு? ஆனால் இங்கே உட்கார்ந்தாவது கூட இருந்திருப்பேன். இந்தக் கோபத்தை எழுதித் தீர்க்க முடியாது. நீங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது திட்டினால்தான் தீரும்.

இலக்கியா பயப்படுகிறாளா என்று சும்மா கேட்பது போலக் கேட்டீர்களே. அதற்குப் பதில் எழுதுகிறேன். பயப்படுகிறாள். வேஷக்காரர்களைப் பார்த்தால் இன்றைக்கும் என் புடவையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறாள். உங்களிடம் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்களைப் பார்த்தாலும் முதல் நாள் பயப்படலாம். கிட்டே வராமலும் இருக்கலாம். உங்களுக்கு அது வலிக்கும். ஆனால் அவள் மூன்றாவது வீட்டு நாய்க்கும் பயந்தவள்தான், இப்போது அதற்குப் பிஸ்கட் கொடுக்கிறாள். ஆல்பத்தைக் காட்டச் சொன்னீர்கள். காட்டினேன். "இது கல்யாண மாப்பிள்ள, எங்கப்பா எங்க?" என்று கேட்கிறாள். நான் என்ன செய்ய?

நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த மறுநாள் காலையிலேயே டெலிபோன் ஆபீசுக்குப் போய்ப் போடச் சொல்லிவிட்டேன். நெல்லிக்குப்பம் போனதை விட்டால், நீங்கள் வேண்டாம் என்றதை மீறி நான் செய்கிற முதல் காரியம் இது. லைன்மேன் இளவரசு வந்து பழைய ஒயரை இழுத்து, ஒரு சின்னப் பெட்டியை வைத்து, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். "இனிமே டயல் பண்ண வேணாம்கா, எப்பவும் லைன்லயே இருக்கும்" என்றார். அவர் போனதும் முதலில் உங்கள் மெயிலைத் திறந்து அந்தக் கடல் படத்தைத்தான் எடுத்தேன். கண்ணிமைப்பதற்குள் முழுப் படமும் வந்து நின்றது. முன்பாவது கோடு கோடாக இறங்குகிற வரைக்கும் நீங்கள் வருவீர்கள் என்று உட்கார்ந்திருந்தேன். இப்போது நீங்கள் இல்லை என்பதும் உடனே தெரிந்துவிடுகிறது.

அண்ணன் கடலூரிலிருந்து ஒரு கேமரா வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தார். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. நீங்கள் சொல்கிற வரை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், நீங்கள் போன் பண்ணுகிற அந்த நேரத்தில், நாங்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருப்போம். எங்கள் கேமரா ஓடும். உங்களுடையதைத் திறக்க வேண்டாம். கூட்டமில்லாத கடையாகப் பார்த்து ஒரு மூலையில் உட்கார்ந்து எங்களைப் பாருங்கள், அது போதும். நான் கொஞ்சம் கறுத்திருக்கிறேன். கண்ணாடி போட்டிருக்கிறேன், அதை உங்களிடம் சொல்லவில்லை. எங்கள் பக்கம் திரையில் ஒன்றும் தெரியாது. பரவாயில்லை, உங்கள் குரல் வரும். ஒன்றும் தெரியாத இடத்தைப் பார்த்துப் பேசி எனக்குப் பழக்கம்தான். என்றைக்காவது திறக்க வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் திறங்கள். நான் கேட்க மாட்டேன்.

இலக்கியாவிடம் மட்டும் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்து ஒரு நாள் அவள் திடுக்கிட வேண்டாம் என்று தோன்றியது. அப்பா முகத்தில் சூடான ஆவி பட்டுவிட்டது, தோல் வேறு மாதிரி இருக்கும், ஆனால் இப்போது வலி இல்லை என்று சொன்னேன். அவளுக்குச் சுட்டால் நான் ஊதிவிடுவேன், அதை நினைத்திருப்பாள். "அப்பாக்கு யாரும்மா ஊதிவுட்டாங்க?" என்று கேட்டாள்.

அப்பா வந்து சொல்லுவாங்க என்று சொல்லி வைத்திருக்கிறேன். நடராஜர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். லீவு கேளுங்கள். வந்து அவளுக்கு நீங்களே சொல்லுங்கள்.

உங்கள்
கலை