நீலமாகவே இருந்த லிட்மஸ்

என் வசந்தாவுக்கு,

நீ போன செய்தி புதன்கிழமை பிற்பகல் மூன்று இருபத்தைந்துக்கு வந்தது. சிதம்பரம் காலேஜ் லேபில் இருந்தேன். நேரம் நோட்டிலேயே இருக்கிறது, சோதனையை நிறுத்தும்போதும் குறிப்பது என் வழக்கம். உன்னைத் தலைப்பிரசவத்துக்குக் கடலூரில் விட்டுத் திரும்பியபோது உன் அப்பா மல்லாட்டை என்று சொல்லிக் கொடுத்த நிலக்கடலை எண்ணெயைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். புரோமின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, செம்பழுப்பு நிறம் விழுந்ததும் மறைந்தது.

பியூன் வந்தார். "சார், கடலூர்லேர்ந்து டிரங்கால். ஒங்க மச்சான் லைன்ல இருக்காரு."

"ரெண்டு சொட்டுதாங்க, வந்துடறேன்."

அந்த இரண்டு சொட்டையும் விட்டு முடித்துத்தான் போனேன், வசந்தா.

"மாமா, பொண்ணு பொறந்திருக்கு" என்றான் உன் தம்பி. "அக்கா போயிட்டா மாமா."

காரியத்தன்று உன் பெரியம்மா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பொறக்கும்போதே ஆத்தாள முழுங்கிட்டு வந்திருக்கு." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் அது சரியென்றே பட்டது. ஒன்று உள்ளே வர, ஒன்று வெளியே போகும், பதிலீட்டு வினை. நாற்பது நாளாயிற்று. அவளை நான் ஒருமுறைகூடத் தூக்கவில்லை.

ஒரு நாள் நினைவு வருகிறது, அப்போது உனக்கு ஐந்தாம் மாதம். நான் பாடம் தயாரிக்க, நீ கீரை ஆய்ந்துகொண்டே அது என்ன பாடமென்று கேட்டாய். நான் சொன்னேன்:

"ஆல்கீன்ல ரெண்டு கார்பனுக்கு நடுவுல ரெண்டு பிணைப்பு இருக்கும். புரோமின் வந்தா ஒண்ண விட்டுட்டு, ஆளுக்கொரு புரோமினப் புடிச்சுக்கும்."

"யாரையும் வெளிய தள்ளாதா?"

"தள்ளாது. இன்னொரு பிணைப்பு அப்படியே இருக்கும்."

"அப்ப அதுக்கு ஒங்க அம்மாவவிட நல்ல மனசுங்க." சிரித்துவிட்டு வயிற்றில் கை வைத்தாய். "நாமளும் ஒரு கைய விட்டாத்தான் இவளப் புடிக்க முடியும். இன்னொரு கைய விட்டுராதீங்க."

யார் விட்டது, வசந்தா?

இன்று ஞாயிறு. விடுமுறையிலும் லேபிலேயே கிடக்கிறேன் என்று தெரிந்து உன் தம்பி காலையில் இங்கே போன் செய்தான்.

"கம்மாபுரம் சித்தி புள்ளையக் கேக்குறாங்க மாமா. அவுங்களுக்குத்தான் கொழந்த இல்லியே. நாளைக்குத் தூக்கிட்டுப் போறாங்களாம். ஒங்க வாயால ஒரு வார்த்தை வேணும்."

"ஒங்க இஷ்டம்."

"எங்க இஷ்டமா? அக்கா இருந்தா இப்படிப் பேசுவீங்களா? அஞ்சு மணிக்குத் திரும்பப் பேசுறேன். யோசிச்சு வைங்க."

யோசிக்க முடியவில்லை. கைக்கு வேலை வேண்டுமென்று நோட்டைத் திறந்தேன். அந்தப் புதன்கிழமைப் பக்கம். "நிறம் மறைந்தது" என்பதன் கீழே, காரியம் முடிந்து திரும்பிய அன்று, "பதிலீடு" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். சோதிக்காமலே. இரட்டைப் பிணைப்புள்ள மல்லாட்டை எண்ணெய்க்குப் போய்! முதல் வருஷப் பையன்கூட இப்படி எழுத மாட்டான். பதிலீடு என்றால் அமிலப் புகை வெளியேற வேண்டும். குழாய் வாயில் ஈரமான நீல லிட்மஸ் தாளைப் பிடித்தால் அது சிவக்க வேண்டும். இதை மறக்கும் பையன்களை எவ்வளவு திட்டியிருக்கிறேன்.

மிச்சமிருந்த எண்ணெயில் மறுபடி செய்தேன். நிறம் மறைந்தது. தாள் நீலமாகவே இருந்தது. எதுவும் வெளியேறவில்லை. வந்தது எண்ணெயோடு சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இது எண்ணெய்க்கான சோதனை. உன்னைப் பற்றி ஒன்றையும் நிரூபிக்காது, தெரியும். ஆனால் உன்னைப் பற்றியும் சோதிக்காமல்தானே முடிவு எழுதினேன்? உனக்கு ரத்தம் நிற்கவில்லை. அவள் என்ன செய்தாள்? ஒரே டிரங்காலில் இரண்டு செய்தி வந்ததைத் தவிர அவள்மேல் என்ன சாட்சி இருக்கிறது?

நோட்டில் 'பதிலீடு' என்ற சொல்லை அடித்துவிட்டேன். துக்கம் ஒரு சொட்டும் குறையவில்லை.

அவளை யாருக்கும் கொடுக்க மாட்டேன். பெரியம்மா மறுபடி அந்த வார்த்தையைச் சொன்னால், இந்தத் தடவை பதில் சொல்வேன். பச்சைக் குழந்தையைத் தூக்கத் தெரியாது எனக்கு, கற்றுக்கொள்கிறேன்.

மணி நாலே முக்கால். உன் தம்பி கூப்பிட்டால் பழக்கதோஷத்தில் "ஒங்க இஷ்டம்" என்று வாய் சொல்லிவிடும். பதிலை நேரிலேயே சொல்லப் போகிறேன். கடலூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். அதுவரை மணி அடிக்காதபடி போன் ரிசீவரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் மகளுடைய அப்பா