மாடி பஸ்ஸின் ஜன்னல் சீட்

செப்டம்பர் 18, வியாழன்.

கேரளாவில் ஓடி ஓய்ந்த மாடி பஸ்ஸை ஏலத்தில் எடுத்து, மணிமுத்தாறு ரோட்டோரம் எங்கள் இடத்தில் நிறுத்தியிருக்கிறார் என் வீட்டுக்காரர். கீழே அடுப்படி, மேலே சாப்பிடுகிற இடம். துபாயில் சம்பாதித்ததெல்லாம் அதில்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பு.

மத்தியானம் பெயிண்டர் செல்வம் மாடியிலிருந்து இறங்கி வந்தான். "அக்கா, ஜன்னலோரம் ஒரு அம்மா இருக்காவ. கொஞ்சம் எந்திரிக்கச் சொல்லுங்க, பெயிண்ட் அடிக்கணும்" என்றான்.

காலையிலிருந்து நான் படியடியில்தான் இருக்கிறேன். ஒருத்தரும் ஏறவில்லை.

போய்ப் பார்த்தேன். மேலே யாருமில்லை. அந்த சீட்டில் கை வைத்தேன். ஆள் எழுந்துபோன சூடு இருந்தது. அந்தப் பக்கம் வெயிலே விழுவதில்லை.

"போயிட்டாவ" என்று செல்வத்திடம் சொல்லிவிட்டேன். அவன் பயந்தால் வேலை நின்றுபோகும்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"பஸ்ஸ கொண்டுவந்த டிரைவரும் இதத்தான் சொன்னான். ஆரல்வாய்மொழில டீக்கடைக்காரர், மேல இருக்க அம்மாவுக்கு டீ வேண்டாமான்னு கேட்டாராம். நாளைக்கே அந்த சீட்ட கழட்டிருதேன்."

"வேண்டாம் மச்சான். கழட்டிட்டா, அந்த அம்மா எங்க வந்து உக்காருவாவ?"

இவர் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். படுத்துவிட்டார். விளக்கை மட்டும் அணைக்க விடவில்லை.